ஃபாஸ்டினாவின் காசு

ஆகஸ்ட் 19, திங்கள்

காசைக் கழுவிவிட்டார்கள்.

எங்கள் பங்காளிகள் பதினாறு குடும்பத்துக்கும் பொதுவான காசு அது. தங்கம். மேலே ஒரு வளையம் பற்றவைத்திருக்கும். எங்கள் குடியில் பிறந்த பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு முன்னால் அவளுடைய அத்தை, அதாவது அப்பனோடு பிறந்தவள், அந்தக் காசை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டுவாள். மூன்று நாள் கழித்துக் காசு பெட்டிக்குத் திரும்பும். ஊர் வாயில் விழாத பெண்ணுக்கு மட்டும்தான் கட்டுவது. தானும் கட்டிக்கொண்டவள்தான் அடுத்தவளுக்குக் கட்டலாம். அம்மன் காசு என்று பெயர். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அதன்மேல் அப்புவார்கள். எத்தனை தலைமுறைக் குங்குமமோ, அடையாக இறுகி, உள்ளே ஒரு முகம் இருப்பது மேடாக மட்டும் தெரியும். தண்ணீர் படக் கூடாது என்பது விதி. அப்பாவுக்குப் பிறகு நாற்பத்தொரு வருஷமாகப் பெட்டி என் பொறுப்பு.

பேத்தி சம்யுக்தாவுக்கு அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி கல்யாணம். வளையம் ஆடுகிறதென்று மருமகள் மரகதம் என்னைக் கேட்காமல் ஆசாரியிடம் கொடுத்திருக்கிறாள். அவன் எல்லா நகையையும் போல இதையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு பிரஷ்ஷால் தேய்த்துவிட்டான்.

"ஏனுங் மாமா, எவ்வளவு பளிச்சுனு ஆயிருச்சு பாருங்!"

"பளிச்சா? அம்மனோட மானத்த உரிச்சுக் கொண்டாந்திருக்கறே அம்மிணி."

"அழுக்குத்தானுங்களே மாமா போயிருக்குது?"

அழுக்காம். சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று மணிக்கு நானே போட்டுத் தின்றேன். ரசத்தில் உப்பில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை முழுவதும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நம் ஊர்ப் பெண் இல்லை. நேரான மூக்கு. தலையை அலை அலையாக வாரிப் பின்னால் கொண்டை போட்டிருக்கிறாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் ஆங்கிலம் போன்ற எழுத்து.

எழுத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கரூர் பஸ்பாடி பட்டறைகளில் ஐம்பது வருஷம் பஸ்களுக்குப் பெயர் எழுதியவன். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மற்றதெல்லாம் நானே கற்றது. ஒரு வரியைக் காட்டினால் எவன் கை என்று சொல்லிவிடுவேன். இந்தக் காசில் எழுத்து வெட்டியவன் தொழில் தெரிந்தவன்.

1994இல் இந்தக் காசைப் பற்றி நானே அச்சடித்து ஒரு புத்தகம் வெளியிட்டேன். இதில் இருப்பது கற்பில் சிறந்த ஒரு சேர அரசி என்று நாற்பத்தெட்டுப் பக்கத்தில் நிரூபித்திருந்தேன். பெரிய இடத்து வரலாற்றுக்காரர்களுக்கு அனுப்பினேன். ஆசிரியரின் கல்வித் தகுதி குறிப்பிடப்படவில்லை என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள். முப்பது வருஷமாயிற்று. அந்த வரியை மறக்கவில்லை.

சேர அரசி பொட்டு வைக்காமலும் இருந்திருக்கலாம். யார் கண்டது.

பெட்டி மூடியின் உட்புறத்தைத் துடைத்தேன். காசு கட்டிய பெண்களின் பெயர்களை அங்கே எனாமல் பெயிண்டில் எழுதிவருகிறேன். அப்பா காலத்துப் பெயர்களையும் சேர்த்து முப்பத்தேழு. நடுவில் ஒரு வரி காலி. அந்த இடத்தில் மரத்தில் கணு இருக்கிறது, பெயிண்ட் பிடிக்காது.

ஆகஸ்ட் 22, வியாழன்

வெங்கமேட்டில் ஜோசப் ரத்தினம் என்று ஒருவர். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய காசு சேர்ப்பவர். காசைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடிகூடப் போடாமல் சொன்னார்.

"ஃபாஸ்டினா. மார்க்கஸ் ஆரேலியஸ்னு ரோமாபுரிச் சக்கரவர்த்தி, அவரோட சம்சாரம். ஆயிரத்து எண்ணூத்தம்பது வருசம் இருக்கும். மொளகு வாங்க வந்த தங்கமுங்க இதெல்லாம்."

"சேர அரசி இல்லீங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். என் புத்தகம் அவர் அலமாரியில் இருந்தது, நான் கொடுத்ததுதான். அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். உடனே எழுந்துபோய்க் காப்பி கொண்டுவந்தார். பரிதாபப்பட்டுக் கொடுக்கிற காப்பி. குமட்டியது. குடித்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கட்டிலுக்கடியில் என் புத்தகம் நானூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. கரையான்கூடத் தொடவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

நூலகத்தில் ஐந்து மணி நேரம். எல்லாம் ஆங்கிலம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

சக்கரவர்த்தி மகள். புருஷனுக்கு அத்தை மகள். அதுவரை ஒழுங்கு. அதற்குமேல் எழுதவே கை கூசுகிறது. வாள் சண்டை போடுகிற அடிமைகளோடு உறவாம். கடற்கரை ஊருக்குப் போய்ப் படகோட்டிகளில் ஆள் பொறுக்கினாளாம். பட்டத்துக்கு வந்த மகனே ஒரு வாள்வீரனுக்குப் பிறந்தவன் என்று பேச்சாம். புருஷனுக்கு எல்லாம் தெரியுமாம். அவள் வழியாகத்தான் ராஜ்ஜியமே வந்தது, அனுப்பிவிட்டால் அதையும் அல்லவா திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டானாம்.

இவளையா முப்பத்தேழு பெண்கள் கழுத்தில் தொங்கவிட்டோம்? என் தங்கைகள் கழுத்தில்? ஊர் வாயில் விழாத பெண்ணா என்று விசாரித்து விசாரித்து, கடைசியில் கட்டியது இவளையா?

வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

ஆகஸ்ட் 28, புதன்

காசு கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். மகன் மயில்சாமி, மரகதம், சம்யுக்தா, எங்கள் பங்காளிகளில் மூத்தவர் என் அண்ணன் காளியப்பன், எல்லோரும் சாப்பாட்டில் இருந்தார்கள். அண்ணனுக்கு எண்பத்தொன்று. ஒரு காது கேட்காது. எந்தக் காது என்பது பேச்சைப் பொறுத்து மாறும்.

"காசுன்னா அம்மன். அவ்வளவுதான்," என்றார். "ரோமு கீமெல்லாம் உன்ற பொஸ்தகத்துல வெச்சுக்க. நம்ம காளியப்பன் மவ ராசாமணி வந்து கட்டுவா, அவளும் அத்தை மொறதான."

தன்னைத்தானே நம்ம காளியப்பன் என்று சொல்லிக்கொள்ளும் மனுஷன் உலகத்தில் இவர் ஒருத்தர்தான்.

சம்யுக்தா போனைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "அப்பாரு, இந்தம்மா பதிமூணோ பதினாலோ கொழந்த பெத்திருக்குது. பாதிக்குமேல செத்துப்போச்சு. புருசன் சண்டைக்குப் போற எடமெல்லாம் கூடவே போயிருக்குது. இதுக்கு நடுவுல ஆள் பொறுக்க நேரம் எங்கீங்?"

"வெளையாட்டாப் பேசாத."

"வெளையாட்டில்லீங். எனக்குக் காசு கட்டுனா கலாமணி அத்தைதான் கட்டோணும். எங்கப்பாவோட கூடப் பொறந்தது அவங்க ஒருத்தர்தானே? இல்லீன்னா எனக்கு இந்தக் காசும் வேண்டாம், எந்தக் காசும் வேண்டாம்."

மயில்சாமி தட்டைப் பார்த்தான். மரகதம் மயில்சாமியைப் பார்த்தாள்.

"அவளுக்கே கட்டலையே," என்றார் அண்ணன். "அவ எப்படிக் கட்டுவா?" இது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

போகும்போது அழைப்பிதழில் பெயர் வரிசையைத் தன் கையால் திருத்திவிட்டுப் போனார். ரேஷன் கடையில் எடை போட்டவர். எழுத்தெல்லாம் இடது பக்கம் சாயும், வேலைக்குச் சோம்பிச் சுவரில் முதுகு கொடுத்தவன் மாதிரி. பார்க்கவே அருவருப்பு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கலாமணி என் மகள். காங்கயத்தில் இருக்கிறாள். இந்த நோட்டில் இதுவரை அவள் பெயர் வந்ததில்லை. வந்துவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

1998. அவள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பதினாறு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே நாளில் மொட்டைக் கடுதாசி வந்தது. டைப்பிங் படிக்கப் போன இடத்தில் ஒரு பஸ் கண்டக்டரோடு என்று ஆரம்பித்து அசிங்கமாக ஒரு பக்கம். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள், பெருந்தன்மை. ஆனால் எங்கள் பங்காளிகளிடம் பேச்சு வந்துவிட்டது. பேச்சு வந்தபின் பெட்டியைத் திறக்க முடியாது. திறக்கவில்லை. வெறுங்கழுத்தோடு மணையில் உட்கார்ந்தாள். பந்தலில் இருந்த பொம்பளைகள் எல்லாம் தாலியைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே காசு இல்லாத இடத்தைப் பார்த்தார்கள்.

விதி என்றால் விதி. நான் மீறியிருந்தால் பெட்டி அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கும். என் மனைவி தெய்வாத்தாள் அதற்குப் பிறகு ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபின்பும் சோறு, தண்ணீர், மாத்திரை என்பதற்குமேல் பேசவில்லை. 2009இல் போய்விட்டாள்.

அந்தக் கடுதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்லண்ட் லெட்டர். நீல மை. எழுத்தை மாற்றி எழுதப் பார்த்திருக்கிறான், ஆனாலும் வரி முழுக்க இடது பக்கம் சாய்கிறது.

மோட்டார் ரிப்பேர். ஆள் நாளைக்கு வருவானாம். வர மாட்டான்.

செப்டம்பர் 2, திங்கள்

மறுபடி நூலகம். ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஃபாஸ்டினாவைப் பற்றி அதையெல்லாம் எழுதியது எவன்?

தேடிப் பார்த்தால், சகிக்கவில்லை. அதிகமாக எழுதியது அவள் செத்து இருநூறு வருஷம் கழித்து. எழுதியவன் பெயர்கூட நிச்சயமில்லை, பொய்ப் பெயராக இருக்கலாம் என்கிறார்கள் படித்தவர்கள். ஆக ரோமாபுரியிலும் மொட்டைக் கடுதாசிதான். அதை ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதி, பதினாறு நூற்றாண்டாகப் பாடமாகப் படித்துக்கொண்டிருக்கிறான்கள். த்தூ.

புருஷன்காரன் என்ன எழுதினான் என்றும் பார்த்தேன். அவனும் என்னைப் போல நோட்டு எழுதுகிறவன். அன்பானவள், சொல் கேட்பவள், ஆடம்பரம் இல்லாதவள் என்று அவளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறான். அவனோடு படைமுகாமுக்குப் போய், எங்கோ ஒரு மலையடிவாரக் கிராமத்தில் செத்திருக்கிறாள். அந்த ஊருக்கு அவள் பெயரை வைத்தான். அவளைத் தெய்வமாக்கினான். ரோமாபுரியில் கல்யாணமாகும் ஜோடிகள் எல்லாம் அவர்கள் இரண்டு பேர் சிலைக்கு முன்னால் போய்ப் படையல் வைக்க வேண்டும் என்று சட்டம். நாங்கள் மட்டும் இல்லை, அவள் ஊரிலும் கல்யாணப் பெண்கள் அவளைத்தான் கும்பிட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் அவனை மெச்ச முடியாது. கோயில் கட்டினான், ஊருக்குப் பெயர் வைத்தான், நோட்டில் நல்லபடியாக எழுதினான். நாலு பேர் நடுவில் நின்று, பேசுகிறவன் வாயைப் பார்த்து, பொய் என்று சொன்னானா? அது எங்கேயும் இல்லை. தெரிந்தவன் சொல்லாவிட்டால் தெரியாதவன் எழுதத்தானே செய்வான்.

செப்டம்பர் 5, வியாழன்

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். கடுதாசியை எடுத்தேன். திருப்பி வைத்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காங்கயம் போனேன். பஸ்ஸில் சினிமாப் பாட்டு, காது புண்ணாகிவிட்டது.

கலாமணி வீட்டு முன்பக்கத்தில் டைப்பிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறாள். வேறு தொழிலே கிடைக்கவில்லை போல. எட்டு மிஷின். தலை பாதி நரைத்துவிட்டது. அம்மா காரியத்தில் பார்த்தது.

"வாங்கப்பா. தண்ணி குடிங்."

"கல்யாணத்துக்கு வரோணும்."

"பத்திரிகை வந்துச்சு. தபால்ல."

"காச நீ கட்டோணும்கறா சம்யுக்தா."

"அவ சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்?"

நான் ஃபாஸ்டினா கதையை எடுத்தேன். அரை மணி நேரம் சொன்னேன். மொட்டை எழுத்தை நம்பி ஒரு பொம்பளையை எப்படிக் கெடுத்தார்கள், அது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம், எழுதியவன் மட்டுமல்ல, நம்பியவனும் குற்றவாளிதான் என்று விவரமாகச் சொன்னேன். அவள் பிள்ளைகள் அடித்த காகிதங்களில் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே கேட்டாள். முடித்ததும் பேனாவை மூடினாள்.

"ஆயிரத்தி எண்ணூறு வருசத்துக்கு முந்திச் செத்தவளுக்கு வக்காலத்து வாங்கக் காங்கயம் வரைக்கும் பஸ்ஸேறி வந்திருக்கீங்."

நான் மிஷின்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நான் வர்றேன். காசும் கட்டறேன். ஆனா எந்தச் சபையில பெட்டியத் தொறக்காம உக்காந்திருந்தீங்களோ, அதே சபையில அந்தக் கடுதாசி பொய்யின்னு நீங்க சொல்லோணும். எழுதுனது யாருன்னும் சொல்லோணும்."

"எழுதுனது யாருன்னு எனக்கெப்படி..."

"அப்பா. ரோட்டுல போற லாரியப் பாத்து, இது நாமக்கல் குப்பன் கை, இது சங்ககிரிக்காரன் கைன்னு சொல்லிச் சொல்லித்தான என்னைய வளர்த்தீங்? அது பொய்யின்னு உங்களுக்கு எப்பத் தெரியும்கறதையும் சேத்துச் சொல்லிருங்."

திமிர். தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். திரும்பும்போதும் அதே பஸ், அதே பாட்டு.

செப்டம்பர் 11, புதன்

எப்போது தெரியும் என்று கேட்டாள். பிரித்த நிமிஷத்தில் தெரியும். முதல் வரி முடிவதற்குள் தெரியும்.

அண்ணன் தன் மச்சினன் மகனுக்குக் கலாமணியைக் கேட்டிருந்தார். அவள் மாட்டேன் என்றாள். அதற்குத்தான் அந்தக் கடுதாசி. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால் அண்ணனோடு பகை. பங்காளிகள் அவர் பக்கம். பெட்டி போய்விடும். புத்தகம் போட்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, அட்டையில் என் பெயருக்குக் கீழே 'அம்மன் காசுக் காப்பாளர்' என்று போட்டிருந்தேன். படிப்பு இல்லாதவனுக்கு அந்த ஒரு வரிதான் இருந்தது.

மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பேனா மை, அடித்தால் பக்கம் அசிங்கமாக இருக்கும். விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மண்டப வாசலில் சம்யுக்தாவும் மாப்பிள்ளையும் கூலிங்கிளாஸ் போட்டு நிற்கிற பேனர், பனைமர உயரம். அதில் எழுத்து வேறு பிதுங்கி வழிகிறது. பார்க்காமல் உள்ளே போனேன்.

முன் வரிசையில் அண்ணன். அவர் பக்கத்தில் பட்டுப்புடவையில் ராசாமணி, காசு கட்டத் தயாராக. கலாமணி பச்சைப் புடவையில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

மயில்சாமி பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். மேளத்தை நிறுத்தச் சொன்னேன். தவுல்காரன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நிறுத்தினான்.

"தொண்ணூத்தெட்டுல என்ற மவளப் பத்தி ஒரு கடுதாசி வந்துது. அது பொய்யி," என்றேன்.

கூட்டத்தில் எவனோ, "கல்யாண ஊட்டுல இதெல்லாம் எதுக்குங்?" என்றான்.

"வேற எந்த ஊட்டுல சொல்றது? கல்யாண ஊட்டுலதான அவ தல குனிஞ்சா?" மடியிலிருந்து கடுதாசியை எடுத்து அண்ணனிடம் நீட்டினேன். "படிங்கண்ணா. உங்க எழுத்து உங்களுக்கே தெரியாதா?"

அண்ணன் அதைக் கையில் வாங்கினார், தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "கண்ணாடி கொண்டாரல," என்றார். மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டார். எண்பத்தொரு வயதில் ஒரு மனுஷனால் இவ்வளவு நிம்மதியாகச் சுண்ணாம்பு தடவ முடியுமா?

அதோடு நிறுத்தியிருக்கலாம். கலாமணி ஐந்தாவது வரிசையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் கடுதாசி வந்தன்னிக்கே தெரியும்," என்றேன்.

ஒரு கிழவி எழுந்தாள். முப்பத்தேழு பேரில் ஒருத்தி, அவள் பெயரை மூடியில் நான்தான் எழுதினேன். "தெரிஞ்சா அப்பறம் ஏன் பெட்டியத் தொறக்கல?"

"பெட்டி எங்கிட்டயே இருக்கோணும்னு."

அந்த மண்டபத்தில் என்னைப் பார்த்த கண்களில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு மாதமாக இந்த நோட்டு முழுக்க நான் எல்லோரைப் பற்றியும் எழுதிவரும் அதே அருவருப்புதான்.

கலாமணி எழுந்து வந்தாள். "கட்டிக்காதவ கட்டலாமா?" என்று ராசாமணி கேட்டாள். சம்யுக்தா மணையில் உட்கார்ந்தபடியே பின்னலை முன்னால் தள்ளிக் கழுத்தைக் காட்டினாள். "கட்டுங் அத்தை. முகூர்த்தம் போவுது."

யாரோ குங்குமக் கிண்ணத்தோடு காசை மூட ஓடி வந்தார்கள். கலாமணி கிண்ணத்தை ஒதுக்கினாள். "வேண்டாமுங். முகம் தெரியட்டும்."

கட்டினாள். மேளம் அடித்தார்கள். கலாமணி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியில் பாயசம் அடிப்பிடித்த வாசனை. யாரும் என் பக்கத்து இலையில் உட்காரவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பங்காளிகள் கூடிப் பேசினார்களாம். காப்பாளனே விதியை மீறிவிட்டதால் பெட்டி இனிமேல் அண்ணன் வீட்டில் இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் வந்து எடுத்துக்கொண்டு போவான். கடுதாசி எழுதியவன் வீட்டுக்கே போகிறது. இந்தக் கூட்டத்துக்கு இதுதான் நியாயம்.

செப்டம்பர் 18, புதன்

மூன்றாம் நாள். கட்டியவள்தான் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கலாமணி கொண்டுவந்தாள். மரகதம் தோசை வார்த்தாள், கலாமணி இரண்டு சாப்பிட்டாள்.

காசைப் பெட்டியில் வைத்தேன். மூடியில் கடைசியாகச் சம்யுக்தா பெயரை எழுதினேன். எழுத்து நேராகத்தான் நின்றது. பிறகு பிரஷ்ஷை மறுபடி பெயிண்டில் தொட்டு, நடுவில் இருக்கும் காலி வரிக்குக் கொண்டுபோனேன்.

கலாமணி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கணு இருக்குதுன்னு அம்மாகிட்டச் சொன்னீங்களாமா?"

"ஆமா."

"கணுவே இல்லீங்களே. வழவழன்னு இருக்குது."

"இல்ல."

"அப்ப அன்னிக்கே எடம் விட்டிருக்கீங்."

பிரஷ் நுனியில் பெயிண்ட் திரண்டு நின்றது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு தொடுகிறாள். அதுவும் தடுப்பதற்கு.

"எழுதாதீங்கப்பா. நான் கட்டிக்கல. கட்டாததக் கட்டுனதா எழுதுனா அதுவும் பொய்தான். காலியாவே கெடக்கட்டும். தொறக்கறவங்க இது யாரோட எடம்னு கேக்கட்டும். நீங்க இருக்கற வரைக்கும் பதில் சொல்லுங்."

என்ன பிடிவாதம். யாரிடமிருந்து வந்ததோ. மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பிரஷ் கழுவத் தின்னர் இல்லை, காய்ந்து கட்டையாகிவிட்டது. தூக்கிப் போட்டேன். பெட்டிக்குள் ஃபாஸ்டினா பொட்டில்லாமல், பளிச்சென்று, பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூடியை மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் வருவான். மூடியைப் பார்ப்பான். நடுவில் ஏன் சித்தப்பா ஒரு வரி காலி என்று கேட்பான்.

உங்கப்பனுக்கு எந்தக் காது கேட்கிறதோ அந்தப் பக்கமாக நின்று சொல்கிறேன், அவரையும் கூட்டிக்கொண்டு வா என்பேன்.